நாடியும் நாளமும்

அளவெட்டியில் நான் மாணவனாக இருந்த காலத்தில், இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வன நாடிகள் என்றும் இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவன நாளங்கள் என்றும் படித்தோம். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே தமிழகத்தில் அவை தமனி, சிரை என வழங்குவதை அறிந்தேன். தமிழக ஏடுகளின் மருத்துவக் கட்டுரைகளை மறுபிரசுரம் செய்யும்போது இச்சொற்களை எமது வாசகருக்கேற்ப மாற்றுவதும் என் மேசைக்கு வரும் வேலைகளில் ஒன்றாயிற்று.

இரு சோடிச் சொற்களும் தமிழில் நிலைபெற்றவையே. ஆயினும் நாடி என்ற சொல்லிலேயே ஒரு விளக்கம் பொதிந்திருக்கிறது. எமது பரியாரிமார் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் பார்த்தது நாடியில்தான். இதயம் சுருங்குந்தோறும் எழும் அலை அங்கே துடிப்பாகத் தெரியும். கையிலுள்ள நாளங்களில் அத்தகைய துடிப்பு விரலுக்குத் தட்டுப்படுவதில்லை. நாளம் என்றால் உள்ளே துளையுள்ள தண்டு. தாமரைத் தண்டையும் அவ்வாறே அழைப்பர்.

எமது ஊருக்குத் தெற்கேயுள்ள மானிப்பாயில், 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரது ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இல் வெளிவந்தது. ஆகவே உடற்கூற்றைத் தமிழில் விளக்குவது இம்மண்ணுக்குப் புதிதன்று.

இதை நான் நினைவுகூர நேர்ந்தது, பைபாஸ் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் தங்கியிருந்தபோது. சம்மதப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. அடுத்த கட்டிலில் இருந்த வலிகாமத்துத் தோட்டக்காரர் அதில் கையெழுத்திட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: “தம்பி, நெஞ்சிலைதானே வருத்தம், காலை ஏன் வெட்டுகினம்?”

இறைப்பு இயந்திரத்தை உவமையாகக் கொண்டு விளக்கினேன். இயந்திரத்திலிருந்து நீரைத் தள்ளும் குழாய் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். நாடியின் சுவர் தடிப்பாகவும் மீள்தன்மையுடனும் இருப்பது அதற்காகவே. வைத்தியர் 120க்கு 80 என்று சொல்வது நாடியின் அழுத்தத்தை. இதயத்தை அண்மிக்கும் நாளங்களில் அது 10 ஐயும் எட்டுவது அரிது. எனவே நாளத்தின் சுவர் மெல்லியது. காலிலிருந்து மேலேறும் குருதி மீண்டும் கீழிறங்காதபடி அதனுள்ளே வால்வுகள் உள்ளன. குருதி ஒரே திசையிற் சுற்றுகிறது என்பதை 1628 இல் வில்லியம் ஹார்வி நிறுவியபோது இவ்வால்வுகளே அவருக்குச் சான்றாயின.

நாளத்தில் ஓடுவது நீலக் குருதி என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. அது கருஞ்சிவப்பே. நிறத்தைக் கொண்டு இவற்றைப் பிரிக்கவும் முடியாது. சுவாசப்பை நாடியில் ஓடுவது ஒட்சிசன் குறைந்த குருதி. சுவாசப்பை நாளத்தில் ஓடுவது ஒட்சிசன் நிறைந்த குருதி. திசையே இலக்கணம்.

இதயத் தசைக்கு உணவூட்டும் முடியுரு நாடியில் கொழுப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், காலிலிருந்து எடுத்த நாளத்தை அடைப்பைத் தாண்டிப் பொருத்துகிறார்கள். 1967 இல் ஆர்ஜென்டீன வைத்தியர் ரெனே ஃபவலோரோ அமெரிக்காவில் இம்முறையை நிலைநாட்டினார். வால்வுகள் வழிமறிக்காதிருக்க அதனைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்துவர். காலில் எஞ்சிய நாளங்கள் அதன் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும்.

பெரியவர் சற்று யோசித்தார். “அப்ப காலிலை நாளம், நெஞ்சுக்குப் போனா நாடியின்ரை வேலை” என்றார்.

மிகச் சரியான வார்த்தை. புதிய அழுத்தத்தைத் தாங்கவென அந்நாளத்தின் சுவர் நாளடைவில் தடிக்கிறது. நாடிகளைப் பிடிக்கும் கொழுப்புப் படிவு, தன் இடத்தில் இருந்தவரை நாளத்தை அணுகுவதில்லை. நாடியின் வேலையை ஏற்றபின் அதனையும் பிடிக்கிறது. சத்திரசிகிச்சை முடிந்ததும் மருந்தையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கைவிட்டு, சுருட்டையும் மீண்டும் பற்றவைப்போர் இதனை அறிந்திருக்க வேண்டும். அறிவதற்கு அவர்களுக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. கையெழுத்து வாங்குமுன் நாடி, நாளம் என்ற இரு சொற்களோடு ஐந்து நிமிடம் பேசினாற் போதும்.