பெட்டிக்குள்ளே போய்ப் பார்!

திண்டுக்கல் என்றால் உங்களுக்குப் பூட்டு ஞாபகம் வரும், இல்லாவிட்டால் பிரியாணி! 2019-இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திறக்காத பூட்டை நல்ல பூட்டுக்காரர் சம்மட்டியால் அடிக்க மாட்டார். உள்ளே எது சிக்கியிருக்கிறது என்று பார்ப்பார். என் அக்காள் மகளின் வேலையும் ஏறக்குறைய அதுதான்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். அப்பாவின் உடல்நிலையை உத்தேசித்து, பெங்களூரை விட்டுத் திண்டுக்கல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வேலை தடங்கலில்லாமல் நடக்கும் வரையில்தான் இந்தச் சலுகை!

அவள் கட்டுவது 'டாக்கர்' பெட்டி. 2013-இல் வந்த ஏற்பாடு இது. ஒரு புரோகிராமுக்கு வேண்டிய சகல சாமான்களையும் ஒன்றாகக் கட்டி அனுப்புகிறார்கள். சமையல் குறிப்பு மாதிரி இதற்கும் வரிவரியாக ஒரு குறிப்பு உண்டு. ஒவ்வொரு வரியாக முடிய முடிய, டிபன் கேரியர் போல அடுக்கின்மேல் அடுக்கு ஏறும். ஒரு வரி தவறினால் அத்தோடு நின்றுவிடும்.

அன்று மாலை ஏழாவது வரியில் நின்றது. இரவுக்குள் பெட்டி போயாக வேண்டும்.

"மறுபடியும் கட்டிப் பாரேன்" என்றேன்.

"பத்துத் தடவை கட்டினாலும் அங்கேதான் நிற்கும், சித்தி!"

ஏழாவது வரி முதல் கடைசி வரை ஓர் அடையாளமிட்டுச் செல்லாமல் செய்தாள். ஆறு வரியோடு பெட்டி தயாராயிற்று. ஒரு கட்டளை கொடுத்து அதற்குள்ளேயே நுழைந்தாள். ஏழாவது வரியைத் தன் கையால் தட்டினாள். 'பிஜி கான்ஃபிக்' இல்லை என்று பதில் வந்தது. டேட்டாபேஸோடு பேசும் பகுதியைக் கட்டுவதற்கு வேண்டிய சாமான் அது. அதை வரவழைத்ததும், சி மொழிக் கம்பைலர் இல்லை என்றது! எடை குறையட்டும் என்று எடுத்த 'ஸ்லிம்' பெட்டியில் இவையெல்லாம் இராதாம். இரண்டும் வந்ததும் வரி ஓடியது.

"அப்பாடா, முடிந்தது!" என்றேன்.

"எங்கே முடிந்தது? இங்கே நான் செய்ததெல்லாம் குறிப்பில் ஏறாது, சித்தி. வெளியே வந்தால் போச்சு!"

இரண்டு சாமான்களையும் குறிப்பில் எழுதினாள், அடையாளங்களை எடுத்தாள், மறுபடி கட்டினாள். ஒன்பது மணிக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது. அதன் பிறகே அக்காள் தோசைக் கல்லை அடுப்பில் போட்டாள்.

அக்காளின் ரசம் எனக்கு வராத காரணமும் அன்றுதான் புரிந்தது. கொதிக்கும்போது ருசி பார்த்து அவள் போடும் சிட்டிகை, எழுதித் தந்த குறிப்பில் இல்லை. சகோதரிகளே, உங்கள் வீட்டு நோட்டில் அந்தச் சிட்டிகை ஏறியிருக்கிறதா?