கடற்கரை விடுதியை யாருக்காகத் தெரிவு செய்கிறோம்?

பாடசாலை விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் பிரயாணப் பேச்சு தொடங்கிவிடும். பிள்ளைகள் கடல் என்பார்கள். வீட்டுத் தலைவர் வேன்காரரிடம் கூலி பேசுவார். நண்பர் ஒருவரிடம் விடுதியின் பெயரைக் கேட்டு, விலையைப் பேசி முடிப்பார். எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், வழிக்கு என்ன சமைத்துக் கட்ட வேண்டும் என்ற இரண்டு செய்திகள் மட்டும் அடுப்படிக்கு வந்து சேரும்.

கடற்கரைக்குப் போனபின் நடப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆண்களும் சிறுவர்களும் நீரில் இறங்கி விளையாடுவார்கள். தாயும் வளர்ந்த பெண் பிள்ளைகளும் வெயிலில் மணலில் அமர்ந்து செருப்புகளையும் துவாய்களையும் காவல் காப்பார்கள். மாலையில் நனைந்த உடுப்புகளைக் கழுவுவதும் அவர்கள்தான். செலவு முழுக் குடும்பத்துக்கும், ஓய்வு பாதிப் பேருக்கும் என்று கணக்கு முடிந்துவிடுகிறது.

பிரயாணமொன்றில் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஸுனன் அபூதாவூதில் அது பதிவாகியுள்ளது. முஸ்னத் அஹ்மதின் அறிவிப்பில் இன்னொரு விபரமும் வருகிறது. உடன் வந்தவர்களை முன்னே செல்லும்படி அனுப்பிய பின்னரே அந்தப் பந்தயம் நடந்தது. மாணவர்களுக்கு இதனைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் அந்த ஏற்பாடுதான் என் மனதில் நிற்கும். பெண் மகிழ்ந்திருக்கவும் வேண்டும், அவளது கண்ணியம் காக்கப்படவும் வேண்டும் என்றால், யாராவது முன்கூட்டி யோசித்து இடம் செய்து கொடுக்க வேண்டும். விடுதி தெரிவு செய்யும் வேலையை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

சென்ற ஓகஸ்ட் விடுமுறைக்குத் திருகோணமலை போவதென்று தீர்மானித்தோம். விடுதி தேடுவதற்கு முன்னர் வீட்டில் எல்லோரையும் இருத்தி, ஆளுக்கு என்ன வேண்டுமென்று கேட்டேன். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். "மகன், படி ஏற ஏலாது. கொமட் ஈக்குற கக்கூஸ் வேணும்" என்றார்கள். மனைவி சற்று யோசித்துவிட்டு, "ரெண்டு நாளைக்கு அடுப்புப் பக்கம் போகாம இருந்தாப் போதும்" என்றார். பதினான்கு வயது மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "வாப்பா, எனக்கும் கடல்ல எறங்க ஏலுமா?" சிறிய மகன்கள் இருவருக்கும் நீச்சல் தடாகம் இருந்தால் போதும். இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு விடுதி தேடுவது இலகுவாகிவிட்டது. நட்சத்திரங்களை எண்ணுவதை விட்டு, இந்த ஐந்து பேருக்கும் எது பொருந்தும் என்று பார்த்தால் போதுமாக இருந்தது.

முதலில் காலம். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. வடகீழ்ப் பருவமழை பெய்யும் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே கடல் கொந்தளிக்கும். அப்போது விடுதிகள் விலையைக் குறைக்கும். மலிவென்று போகின்றவர்கள் யன்னலால் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்த மாதங்களில் கடல் பார்க்க விரும்புவோருக்குத் தென்மேற்குக் கரையே பொருத்தம்.

அடுத்தது இடம். திருகோணமலை நகருக்குள் தங்கினால் பள்ளிவாசல், கடைத்தெரு, முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் பக்கம். டச்சுக் குடாக் கரையில் மாலையில் உள்ளூர்க் குடும்பங்கள் காற்று வாங்கும். பிரட்ரிக் கோட்டைக்குள் மான்கள் பயமின்றித் திரிவதைக் கண்டு பிள்ளைகள் வியப்பார்கள். ஆனால், அங்கே பெண்கள் நீரில் இறங்குவதற்குத் தனிமை கிடைக்காது. நகருக்கு வடக்கே சில கிலோமீற்றர் தூரத்தில் உப்புவெளி. விடுதிகள் நெருக்கமாக உள்ள இடம். வெளிநாட்டவர் அதிகம், உடையும் பானமும் அவர்களுடைய வழக்கப்படி இருக்கும். இன்னும் வடக்கே நிலாவெளி. கரை நீண்டது, விடுதிகள் இடைவெளி விட்டு அமைந்தவை. அப்பகுதியில் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள், பள்ளிவாசல்களும் உண்டு. மகளின் கேள்வியை மனதில் வைத்து நிலாவெளியைத் தெரிவு செய்தோம்.

பின்னர் தொலைபேசியில் விசாரணை. இணையத்தில் காணும் படங்கள் அறையின் நல்ல மூலையை மட்டுமே காட்டும். "குடும்பங்கள் வருமா?" என்று கேட்டால் எல்லா விடுதியிலும் "வரும்" என்றே பதில் வரும். ஆகவே, பதிலில் தப்ப முடியாதபடி கேட்க வேண்டும். மதுபானச்சாலை எங்கே இருக்கிறது? எங்கள் அறைக்குப் போகும் வழி அதைக் கடந்து செல்கிறதா? சனிக்கிழமை இரவு இசை நிகழ்ச்சி உண்டா? எத்தனை மணிக்கு முடியும்? ஒரு விடுதியில் இதைக் கேட்டபோது, மறுமுனையில் இருந்தவர் சிரித்துவிட்டு, "ஹஸரத், நீங்கள் வார நாளில் வாருங்கள்" என்றார். நேர்மையான பதில். போயா தினத்தில் மது விற்பனை இல்லை என்றாலும், அதை ஒட்டி நீண்ட விடுமுறை வந்தால் நெரிசலும் விலையும் கூடிவிடும். திங்கள் முதல் வியாழன் வரை போவதே குடும்பங்களுக்கு உகந்தது. மணிக்கணக்கில் அறை கொடுக்கும் இடமா என்பதையும் உள்ளூரில் தெரிந்த ஒருவரிடம் மெதுவாக விசாரித்துக்கொள்வது நல்லது.

நீச்சல் தடாகத்தைப் பற்றியும் கேளுங்கள். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கித் தருவார்களா? உடலை முழுதாக மறைக்கும் நீச்சலுடைக்கு அனுமதி உண்டா? சில இடங்களில் நீச்சலுக்கென்று தைத்த துணியாக இருந்தால் மட்டும் விடுவார்கள். அங்கே போய் நின்று வாதாடுவதைவிட முன்பே தெரிந்திருப்பது மேல்.

உணவு விடயத்தில், "ஹலாலா?" என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்திவிடக் கூடாது. இறைச்சி எங்கே வாங்குகிறீர்கள், பன்றியிறைச்சி சமைக்கும் சட்டியும் எண்ணெயும் வேறா, சமையலில் வைன் சேர்ப்பதுண்டா என்று கேட்க வேண்டும். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் காலை உணவை மட்டும் விடுதியில் எடுத்து, அதிலும் முட்டை, இடியப்பம், பருப்பு, பழம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற வேளைகளுக்கு வெளியே முஸ்லிம் கடையில் பார்சல் எடுக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

சிலர் சமையலறையோடு கூடிய வீட்டை வாடகைக்கு எடுப்பதைச் சிக்கனமாகக் கருதுகிறார்கள். பெரிய குடும்பத்துக்கு அது பணத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மையே. ஆனால், அரிசியையும் மிளகாய்த்தூளையும் கட்டிக்கொண்டு போய், 12 பேருக்கு மூன்று வேளையும் யார் சமைப்பது? அப்படியான வீட்டை எடுப்பதானால் சமையற்காரரோடு சேர்த்து எடுங்கள். அல்லது ஆண்கள் முறை வைத்துச் சமையுங்கள். மிச்சமாகும் பணம் ஒரு பெண்ணின் ஓய்வை விற்று வந்ததாக இருக்கக் கூடாது.

தண்ணீரையும் மறந்துவிடாதீர்கள். கரையோரக் கிணறுகளில் உவர்த் தண்ணீர் வருவதுண்டு. குளியலறையில் கழுவிக்கொள்ளத் தண்ணீர் வசதி உண்டா என்பது பெண்களுக்கும் வயோதிபருக்கும் பெரிய விடயம். தொழுவதற்குச் சிரமமில்லை. கிழக்குக் கரையில் கடல் கிழக்கே இருக்கிறது. கடலுக்கு முதுகைக் கொடுத்து, மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாகச் சற்றுத் திரும்பினால் கிப்லா. ஷாபிஈ மத்ஹபின்படி, போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக முழுமையாக 4 நாட்கள் தங்கும் எண்ணம் இல்லையென்றால், அங்கே சுருக்கியும் சேர்த்தும் தொழலாம். முழங்கால் வருத்தமுள்ள உம்மாவுக்கு இந்தச் சலுகை பெரும் ஆறுதலாக இருந்தது.

விலை பேசும்போது 10 வீதச் சேவைக் கட்டணமும் அரசாங்க வரிகளும் சேர்ந்த தொகையா என்று கேளுங்கள். மேலதிகக் கட்டிலுக்கு எவ்வளவு, எத்தனை வயதுவரை பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்பதையும் கேளுங்கள். வேன் சாரதி எங்கே தூங்குவார், எங்கே சாப்பிடுவார் என்பதும் நமது பொறுப்பே. இரவெல்லாம் வேனுக்குள் கிடந்த சாரதியை நம்பி மறுநாள் ஹபரணைக் காட்டு வழியில் குடும்பத்தை ஏற்றிப் போவது அறிவுடைமையல்ல.

எல்லாவற்றுக்கும் மேலானது உயிர். நம் பெண் பிள்ளைகளில் பலருக்கு நீந்தத் தெரியாது. அதற்கு மேல் நீண்ட அபாயா நீரை உறிஞ்சிக் கனத்துவிடும், காலைச் சுற்றிக்கொள்ளும். கடலில் இறங்குவதற்கு, மெல்லிய துணியில் தளர்வான காற்சட்டையும் முழங்கால்வரை நீண்ட மேற்சட்டையும், ஊசி குத்தாமல் இறுக்கிக் கட்டிய முந்தானையும் பாதுகாப்பானவை. உயிர்காப்பாளர் நிற்கும் கரையா, நீரோட்டம் இழுக்கும் இடம் எது என்று விடுதிக்காரரிடமும் மீனவரிடமும் கேளுங்கள். சிவப்புக் கொடி கண்டால் இறங்கவே வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் தாக்கியது. நிலம் அதிர்ந்தாலோ கடல் பின்வாங்கினாலோ எந்தப் பாதையால் உட்பக்கம் ஓட வேண்டும் என்பதைப் போய்ச் சேர்ந்த அன்றே பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள்.

மகளின் விடயத்துக்கு நேரமே வழி செய்தது. கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். ஸுப்ஹு தொழுத கையோடு போனால், தூரத்தில் கரைவலை இழுப்போரைத் தவிர ஆளில்லை. வெளிநாட்டவர் தூக்கத்தில் இருப்பார்கள். வெயிலும் ஏறியிருக்காது. உம்மாவை ஒரு நாற்காலியில் இருத்திவிட்டு, மகன்களோடு நான் மேட்டில் நின்றேன். அன்று செருப்புகளுக்குக் காவல் நாங்கள். மனைவியும் மகளும் கைகோத்து இடுப்பளவு நீருக்குள் இறங்கினார்கள். திருமணமாகிப் பதினேழு வருடங்களில் என் மனைவி அப்படிச் சத்தமிட்டுச் சிரித்ததை நான் கேட்டதில்லை. உம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்னையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போங்க" என்றார்கள். நாற்காலியோடு கொண்டுபோய்க் கால் நனையும் இடத்தில் வைத்தோம்.

பிற்பகலில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். 7 கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. எல்லோர் முன்னிலையிலும் வாளியால் அள்ளிக் குளிக்கும் இடமாதலால் பெண்கள் கையை மட்டும் நனைத்துக்கொண்டார்கள். புறாத் தீவுக்கு மகன்களை மட்டும் படகில் கூட்டிப் போனேன். அது 2003 முதல் தேசிய பூங்கா. பவளப் பாறையை மிதிக்கவோ உடைக்கவோ கூடாது என்பதைப் படகில் ஏறுமுன்பே சொல்லி வைத்தேன்.

சகோதரிகளே, அடுத்த விடுமுறைப் பேச்சு எழும்போது மௌனமாக இருந்துவிடாதீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆண்கள் அதைப் பார்த்தே விடுதியை விசாரிக்கட்டும். எங்கும் போகப் பணவசதி இல்லாத வருடமாக இருந்தாலும் அந்தத் தாளை எழுதுங்கள். அதிலுள்ள சில விடயங்களுக்குக் கடற்கரை வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இப்போது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அடுப்படி எனக்கும் மகன்களுக்கும். பருப்பில் உப்புக் கூடினாலும் உம்மா ஒன்றும் சொல்வதில்லை.