சனிக்கிழமை மூன்று மணி

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தமிழம்மா கேட்டபோது எங்களுக்கு வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. இதை எழுதுவது எங்களில் யார் என்று தேட வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து செய்த தவறு இது. ஆறாமவளின் அனுமதி பெற்றே எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, எங்களில் ஒருத்தியின் அண்ணன் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டின் 2014ஆம் ஆண்டுத் தொடக்கப் பெட்டி. உள்ளே 32 பக்க விதிநூல், 64 பக்கக் கதைநூல், ஆறு பகடைகள், ஐந்து பாத்திரங்களின் குறிப்புத் தாள்கள். நாங்கள் அறுவர். ஐவர் பாத்திரங்கள், பெட்டிக்கு உரியவள் கதையை நடத்தும் 'மாஸ்டர்'. பலகையும் இல்லை, காய்களும் இல்லை. "காட்டுப் பாதையில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன, என்ன செய்கிறீர்கள்?" என்று அவள் கேட்பாள். நாங்கள் சொல்வோம். நடக்குமா நடக்காதா என்பதை 20 முகப் பகடை தீர்மானிக்கும். யார் வென்றது என்ற கேள்வியே இதில் கிடையாது. இதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று!

விடுதிச் சிஸ்டரிடம் அனுமதி கேட்கப் போனோம். 1980களில் அமெரிக்காவில் சில பெற்றோர் இந்த விளையாட்டைப் பேய்க் காரியம் என்று அஞ்சினார்களாம். அது சிஸ்டருக்கும் தெரிந்திருந்தது. விதிநூலை வாங்கி வைத்துக்கொண்டு 32 பக்கத்தையும் படித்துவிட்டு, "கணக்குப் பாடம்போல அல்லவா இருக்கிறது! தையல் அறையில் விளையாடுங்கள். கதவு திறந்திருக்கட்டும், ஐந்து மணிக்கு முன் அறையைப் பெருக்கிவிட வேண்டும்" என்றார். 'கிளெரிக்' என்ற பாத்திரத்துக்கு நாங்கள் 'குருவானவர்' என்று பெயர் வைத்திருந்ததைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார்.

அந்தக் குருவானவர் எங்கள் ஆறாமவளுக்கு வந்தார். விடுதியில் தங்கிப் படிக்கும் அவள் குமரி மாவட்டக் கடற்கரைக்காரி. அதிகம் பேசமாட்டாள். மற்றவர்களில் ஒருத்தி கணக்குப்புலி. எத்தனை அடி, எத்தனை காயம் என்று கூட்டிக் கழித்து எதிரியை வீழ்த்துவதில்தான் அவளுக்கு இன்பம். இன்னொருத்தி நாடகக்காரி, குரலை மாற்றிப் பேசாமல் ஒரு வாக்கியம் சொல்லமாட்டாள். மூன்றாமவளுக்குப் புதையல் வேண்டும். நான்காமவளுக்கு எல்லாமே கேலி. மாஸ்டரோ இரவெல்லாம் கதையைக் குறிப்பெடுத்து வந்து, அது தான் நினைத்தபடியே நடக்க வேண்டும் என்று காத்திருப்பாள்.

மூன்றாம் சனிக்கிழமை கோப்ளின் என்னும் குட்டிப் பூதங்களின் குகைக்குள் போனோம். ஒரு பூதம் பிடிபட்டது. வழி சொன்னால் விட்டுவிடுகிறோம் என்று நாடகக்காரி அதனிடம் வாக்குக் கொடுத்தாள். வழி சொன்ன மறுகணமே கணக்குப்புலி அதை வெட்டிவிட்டாள். "நான் வாக்குக் கொடுத்தேன்டி!" என்று இவள் அழ, "காகிதப் பூதத்துக்கு என்னடி வாக்கு?" என்று அவள் கத்த, அரைமணி நேரம் போயிற்று. அந்தக் கோபத்தோடேயே மேலே நடந்தோம். அந்தக் குகையில் ஓர் ஓடை உண்டு; மேலே தேக்கி வைத்த நீரைப் பூதங்கள் திறந்துவிடும். வெள்ளம் வந்தது. எல்லோரும் பகடை உருட்டினோம். ஆறாமவளுக்கு மட்டும் 3 விழுந்தது.

"குருவானவர் முங்கிட்டார்!" என்று கேலிக்காரி கூவினாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அழுதுகொண்டிருந்த நாடகக்காரி உட்பட. "என்ன பண்றே? சீக்கிரம் சொல்லுடி!" என்றோம். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. விளையாட்டு பிடிக்கவில்லை போலும் என்று சொல்லிக்கொண்டு குருவானவரின் பங்குப் பொற்காசுகளை எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஆள் குறைந்தும் சண்டை குறையவில்லை. கடைசியில் மாஸ்டர் தன் அண்ணனிடம் தொலைபேசியில் முறையிட்டாள். "அம்பது வருஷத்துச் சண்டை இது" என்று அவர் சிரித்தாராம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்கள் 1974இல் இதை வெளியிட்டபோதே, பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்துதான் எடுத்தார்கள். ஆகவே ஒரே மேசையில் போருக்கு வந்தவரும் கதைக்கு வந்தவரும் முட்டிக்கொள்வது அன்றுமுதல் உள்ளதுதான். 1980இலேயே கிளென் பிளாக்கோ என்பவர், நடிக்க வருபவர், கதைக்கு வருபவர், வலிமை சேர்க்க வருபவர், போர்த் தந்திரத்துக்கு வருபவர் என்று நான்கு வகையாகப் பிரித்து எழுதியிருக்கிறார். எங்களில் ஒவ்வொருத்தியையும் ஏதோ ஒரு வகையில் அடக்கிவிட்டோம். ஆறாமவள் மட்டும் எதிலும் அடங்கவில்லை. ராபின் லாஸ் என்பவர் 2002இல் எழுதிய நூலில் இன்னொரு வகையும் உண்டு என்றார் அண்ணன்: கூட்டத்தோடு இருப்பதற்காகவே வருபவர். "அவளிடம் கேட்டீர்களா?" என்றாராம். நாங்கள் கேட்டிருக்கவில்லை.

துவைக்கும் கல்லருகே அவளைப் பிடித்தோம். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைப் பிழிந்து முடித்துவிட்டுச் சொன்னாள். சனிக்கிழமை மூன்று மணி விடுதிக்கு வீட்டுத் தொலைபேசி வரும் நேரம். அவளுடைய அப்பா ஆழ்கடலுக்குப் போகிறவர்; போனால் வாரக்கணக்காகும். படகு கரைக்கு வந்தால்தான் அழைப்பு. "போன் பக்கத்துல உக்காந்து காத்திருக்க முடியல. அதான் உங்ககூட வந்தேன்" என்றாள். பிறகு மெல்ல, 2017 நவம்பர் இறுதியில் அடித்த ஒக்கிப் புயலில் போன அவள் மாமா திரும்பவே இல்லை என்றாள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. கேலிக்காரி முதலில் அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை பகடையை எடுக்கவில்லை. ஆட்டம் தொடங்குமுன் இப்படி உட்கார்ந்து பேசுவதற்கே அங்கெல்லாம் 'செஷன் ஜீரோ' என்று பெயராம். நாங்கள் ஆறு வாரம் பிந்தி நடத்தினோம். யாருக்கு என்ன வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொருத்தியும் சொன்னோம். ஒருத்தி கொடுத்த வாக்கை இன்னொருத்தி கேட்காமல் உடைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. முறை வரும்போது "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பதும் ஒரு பதில்தான் என்று வைத்தோம். பொறுக்க முடியாதது கதையில் வந்தால் தொட்டுக் காட்ட, பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்றை மேசை நடுவில் வைத்தோம். தொட்டவளிடம் காரணம் கேட்கக் கூடாது. ஆறாமவள் கேட்டது ஒன்றுதான்: தண்ணீர் வேண்டாம். மாஸ்டர் வெள்ளம் வரும் பகுதியைப் பென்சிலால் அடித்தாள். தான் இரவெல்லாம் எழுதுவதற்கு ஒருத்திகூட நன்றி சொன்னதில்லை என்று அவள் விம்மியதும் அன்றுதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கணக்குப்புலி விலகிக்கொண்டாள். பேச்சு அதிகம், போர் போதவில்லை என்றாள். அவள் சொன்னது நியாயந்தான். இப்போது அதே நேரத்தில் பக்கத்து அறையில் சதுரங்கம் ஆடுகிறாள். பகடைக் கணக்கில் சந்தேகம் வந்தால் இங்கிருந்தே கூப்பிட்டுக் கேட்போம்.

முழுத்தேர்வு முடியும்வரை பெட்டி சிஸ்டரின் அலமாரியில் இருக்கிறது. அதைக் கொடுப்பதற்கு முந்தின சனிக்கிழமை, குகையின் கடைசி அறையில் நின்றுகொண்டிருந்தோம். எதிரே பெரிய பூதம்; குருவானவரின் முறை. ஆறாமவள் பகடையைக் கையில் எடுத்த நேரம் சிஸ்டர் வாசலில் வந்து நின்று, "பிள்ளை, உனக்குப் போன். அப்பா" என்றார். பகடையை மேசைமேல் போட்டுவிட்டு ஓடினாள். அது உருண்டு 17இல் நின்றது. மாஸ்டர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவள் திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை எங்களில் ஒருத்தியும் பகடையைத் தொடவில்லை.