தம்பியிடம் சொல்லாமல் விட்டது

2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையின் உற்பத்தியும் பாதிக்கப்பட்டது. சுற்றியிருந்த சப்ளையர் கம்பெனிகளில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நின்றபோது நான் அடித்துச் சொன்னேன்: "எங்க வீட்ல லினக்ஸ். வைரஸ் கிட்டயே வராது." வானாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதே மே 24இல், லினக்ஸில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் சாம்பாவிலும் ஓர் ஓட்டை வெளியே தெரிந்தது. 2010 முதல் அது உள்ளேயே இருந்திருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்தேன். அதை மட்டும் டீக்கடையில் யாரிடமும் சொல்லவில்லை.

என் பேச்சை நம்பியவன், லைனில் என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி. மனைவி குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று செகண்ட் ஹேண்டில் ஒரு கணினி வாங்கினான். "அண்ணே, நீங்களே வந்து போட்டுக் குடுங்கண்ணே" என்றான். சுங்குவார்சத்திரத்தில் அவர்கள் இருந்த வீட்டுக்குப் போய் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஏதாவது கோளாறு என்றால் என் வீட்டிலிருந்தபடியே சரிசெய்யலாம் என்று எஸ்எஸ்எச் நிறுவி, ரூட்டரில் 22ஆம் போர்ட்டையும் திறந்துவிட்டேன். உபுண்டு தானாக இதைச் செய்வதில்லை. வீட்டுக் கணினியில் எஸ்எஸ்எச் சர்வரை நாமாகப் போட்டால்தான் உண்டு. ஃபயர்வாலோ கூடவே வருகிறது, ஆனால் அணைந்த நிலையில். ஒரே ஒரு கட்டளையில் அதை இயக்கலாம். நான் இயக்கவில்லை. என் வீட்டிலும் அதே போர்ட் திறந்துதான் இருந்தது. என் கணினியிலும் அவன் கணினியிலும் கணக்கின் பெயர் 'யூசர்', பாஸ்வேர்ட் 'யூசர்123'. எனக்கு நினைவில் நிற்க வேண்டுமே என்று அப்படி வைத்தேன்.

லினக்ஸில் ஓடும் கேமராக்களையும் ரூட்டர்களையும் 2016இல் மிராய் என்ற தீநிரல் வளைத்துப் பிடித்தது, அறுபத்துச் சொச்சம் பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான். எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டை இயங்குதளம் காப்பாற்றாது. இது எனக்கு அப்போதே தெரியும்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு நாள் என் கணினியின் மின்விசிறி ஓயாமல் இரைந்தது. பார்த்தால், கர்னலின் வேலைபோலப் பெயர் வைத்துக்கொண்டு ஏதோ ஒன்று பிராசசர் முழுவதையும் தின்றுகொண்டிருந்தது. நிறுத்தினேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பியது. குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டியவற்றை எழுதிவைக்கும் கிரான்டேபில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது. எஸ்எஸ்எச் சாவிகள் இருக்கும் கோப்பில் என்னுடையதல்லாத ஒரு சாவி. உள்நுழைவுப் பதிவைத் திறந்தேன். சில விநாடிக்கு ஒன்றாக, ரூட், டெஸ்ட், ஆரக்கிள், பை என்று யார் யார் பெயரிலோ 'ஃபெயில்ட் பாஸ்வேர்ட்' வரிகள் பக்கம் பக்கமாக ஓடின. நடுவில் யூசர் என்ற பெயருக்கு நேராக 'அக்செப்டட் பாஸ்வேர்ட்'. அந்த நேரத்தில் நான் ஆலையில் இருந்தேன்.

அன்றிரவே என் கணினியைத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். பாஸ்வேர்ட் நுழைவை அடைத்துச் சாவி மட்டும் வைத்தேன், ஃபயர்வாலை இயக்கினேன், பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக இறங்க வழி செய்தேன். இதெல்லாம் ஒரு மாலை வேலை.

மறுநாள் தம்பி என் பக்கத்தில்தான் நின்றான். ஓவர்டைம் பற்றிப் பேசினோம். அவன் கணினியிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்ட், அதே திறந்த போர்ட். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போனதும் ரூட்டரை அணைத்திருப்பான். சொன்னால் டீக்கடையில் பேசியதெல்லாம் பொய்யாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆளில்லாத நேரமாகப் பார்த்துச் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன். அந்தக் கணினியில் இரண்டு பேரின் ஆதார், அவன் மனைவியின் சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், பிஎஃப் பாஸ்புக் எல்லாம் ஸ்கேன் செய்து கிடந்தன.

கடைசியில் "அப்டேட் பண்ணணும் தம்பி" என்று பொய் சொல்லித்தான் போனேன். அவன் மனைவி காபி கொடுத்தார். உள்ளே அந்நியச் சாவி எதுவும் இல்லை. ஆனால் உபுண்டு உள்நுழைவுப் பதிவுகளை நாலைந்து வாரத்துக்குத்தான் வைத்திருக்கும், பழையதை அழித்துவிடும். இருந்த வாரங்களில் யாரும் நுழையவில்லை. அதற்கு முன் யாராவது வந்து கோப்புகளை அள்ளிக்கொண்டு போயிருந்தால், அதற்கான தடயம் நான் வாய்திறக்காமல் இருந்த மாதங்களிலேயே அழிந்துவிட்டது. பாஸ்வேர்டை மாற்றினேன், போர்ட்டை மூடினேன். "ரொம்ப நன்றிண்ணே" என்றான். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவனுக்கு இன்றுவரை தெரியாது. இது அச்சேறும் முன் நேரில் போய்ச் சொல்லிவிடுவேன். மின்னஞ்சல், நெட் பேங்கிங், பிஎஃப் மூன்றுக்கும் பாஸ்வேர்டை அன்றே மாற்ற வேண்டும். ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்ட வேண்டும். தங்கள் பேரில் யாரும் கடன் வாங்கியிருக்கிறார்களா என்று இரண்டு பேரின் சிபில் அறிக்கையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவும் அவர்கள் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. செய்ய விடாமல் தடுத்தவன் நான்.