கடவுளின் திட்டமும் எங்கட அவசரமும்

"எல்லாத்துக்கும் ஆண்டவரிட்ட ஒரு திட்டம் இருக்கு." புலம்பெயர்ந்த கிறிஸ்தவ வீடுகளில இந்தக் கதையைக் கேக்காமல் ஒரு கிழமை போகாது. விசா மறுத்தால் திட்டம், வேலை போனால் திட்டம், செத்தவீட்டிலையும் திட்டம். அதுக்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுறது எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம். ஆங்கில பைபிள்கள் பலவற்றில 'திட்டங்கள்' என்று வரும். எங்கட பழைய தமிழ் வேதாகமத்தில 'நினைவுகள்' என்றுதான் இருக்கு. எனக்குத் தமிழ்தான் பிடிக்கும். திட்டம் என்றால் எஞ்சினியர் கீறின படம் மாதிரி. நினைவு என்றால் தூரத்தில இருக்கிற பிள்ளையை அம்மா நினைக்கிற மாதிரி.

சரி, அந்த வசனம் ஆருக்கு எழுதினது? கி.மு. 597இல பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட யூதர்களுக்கு. எங்களைப் போல ஊரை இழந்த சனத்துக்கு. அந்த வசனத்தைப் பிரிட்ஜில ஒட்டி வைக்கிறவை அதுக்கு மேல இருக்கிறதை வாசிக்கிறது குறைவு. வீடு கட்டுங்கோ, தோட்டம் வையுங்கோ, பிள்ளையளுக்குக் கலியாணம் செய்து வையுங்கோ, இருக்கிற நகரத்துக்காக மன்றாடுங்கோ, 70 வருஷம் செல்லும். இதுதான் கடிதத்தின்ர சாரம். 70 வருஷம்! வாசிச்ச பெரியவர்களில அநேகம் பேருக்கு ஊர் திரும்புற நாளே இல்லை.

அதுக்கு முந்தின அதிகாரத்தில அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வாறார். ரெண்டு வருஷத்தில எல்லாரும் திரும்பி வருவினம் என்கிறார். அதுவும் கர்த்தரின் பேரால்தான். நீங்கள் அந்த முகாமில இருந்திருந்தால் ஆரை நம்பியிருப்பியள்?

நாங்கள் இருந்த அகதிமுகாமுக்கும் ஒரு அனனியா வந்தார். உடுப்புத் தோய்க்கிற அறையிலதான் எங்கட ஜெபக்கூட்டம். வெளியூரில இருந்து வந்த அந்தப் போதகர் என்ர அறையில இருந்த மட்டக்களப்பு அண்ணையின்ர தலையில கை வைச்சு, மூண்டு மாசத்தில விசா என்று சொன்னார். அண்ணை மொழி வகுப்புக்குப் போறதை விட்டார். விசா கிடைச்சால் லண்டனுக்குப் போறதுதானே, இந்தப் பாசை என்னத்துக்கு என்று. விசா வர ஆறு வருஷம் சென்றது. மூண்டாம் மாசம் முடிஞ்ச கையோட அவர் ஜெபிக்கிறதையும் விட்டுட்டார். கடவுள் அவரை ஏமாத்தினதாக நான் நினைக்கேல்லை. அந்தத் தவணை கடவுள் குடுத்ததே இல்லை. ஆனால் விலை குடுத்தது அண்ணைதான், போதகர் இல்லை.

அப்ப கடவுளின்ர குரலை எப்பிடி அறியிறது? எனக்குத் துணை எலியாதான். யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடிக்குக் கீழ படுத்து, சாவு வரட்டும் என்று கேட்ட மனுசன். அவருக்கு முதலில கிடைச்சது பிரசங்கம் இல்லை. நித்திரை, சுட்ட அடை, தண்ணி. பிறகு 40 நாள் நடை. ஓரேபில பெருங்காற்று, நிலநடுக்கம், நெருப்பு எல்லாம் வந்து போச்சு. அதுகளில ஆண்டவர் இல்லை. கடைசியில வந்தது ஒரு மெல்லிய சத்தம். அது 'ஏன் இப்பிடி நடந்தது' என்று விளக்கம் சொல்லேல்லை. இங்க என்ன செய்யிறாய் என்று கேட்டுது. பிறகு அடுத்த வேலையைச் சொல்லி அனுப்பினது.

அதனால நான் ஒரு அளவுகோல் வைச்சிருக்கிறன். நான் கேக்க ஆசைப்பட்டதையே, தவணையும் போட்டுச் சொல்லுற குரல் என்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பன். இண்டைக்குச் செய்யவேண்டிய ஒரு சின்னக் காரியத்தைக் காட்டினால் செய்து பார்ப்பன்.

இன்னொண்டும் சொல்லவேணும். என்ர தம்பி 2009இல வன்னியில காணாமல் போனவன். அம்மாவின்ர கையைப் பிடிச்சு, இதுவும் ஆண்டவரின்ர திட்டம் என்று சொன்னவை இருக்கினம். அம்மா ஒண்டும் பேசேல்லை. தயவுசெய்து அப்பிடிச் சொல்லாதேங்கோ. செல் அடிச்சது மனுசர். லாசருவை எழுப்பப் போறன் என்று தெரிஞ்சும் இயேசு அழுதவர். மார்த்தாளுக்கும் மரியாளுக்கும் அந்தச் சாவை நியாயப்படுத்த அவர் முயலேல்லை.

எரேமியாவின்ர வசனத்தில இருந்து எனக்கு விளங்கிறது இவ்வளவுதான்: நடந்ததெல்லாம் நல்லதுக்கு என்று அது சொல்லேல்லை. தூரதேசத்தில கிடக்கிற சனத்தை ஆண்டவர் மறக்கேல்லை என்று சொல்லுது. அதை நம்பினால் தோட்டம் வைக்கலாம், அறுவடைக்கு நாங்கள் இருப்பமோ தெரியாவிட்டாலும்.

அம்மா இப்ப பல்கனியில கறிவேப்பிலை வளர்க்கிறா, ஒவ்வொரு குளிருக்கும் உள்ளுக்கு எடுத்து வைச்சு. இரவில தம்பிக்காக ஜெபிக்கிறா. பிறகு இந்த நகரத்துக்காக, பஸ் ஓடுறவைக்காக, ஆஸ்பத்திரியில நிக்கிறவைக்காக. எரேமியா அப்பிடிச் சொன்னது அவவுக்குத் தெரியுமோ என்று நான் கேக்கேல்லை.