முட்டி கழண்ட கதை

"முட்டியப் பேத்துடுவேன்"னு நம்ம ஊர்ல சர்வ சாதாரணமா மிரட்டுவாங்க. நிஜமாவே முட்டிச்சில்லு இடம் மாறினா எப்படி இருக்கும்னு எங்க சித்தி பொண்ணைக் கேளுங்க. வயசு 14. கோ-கோ ஆடும்போது ஊனின கால் அப்படியே நிக்க, உடம்பு மட்டும் திரும்பியிருக்கு. சில்லு வெளிப்பக்கமா போய் உட்கார்ந்துடுச்சு. அலறிக்கிட்டே காலை நீட்டினா, டொக்குன்னு தானாவே உள்ளே வந்துடுச்சு.

பிரச்சினையே இந்தத் 'தானா வந்துடுச்சு'தான். பி.டி. மாஸ்டர் ஓடிவந்து பார்க்கும்போது சில்லு சமத்தா அதோட இடத்துல இருக்கு. "சுளுக்கும்மா, ஸ்ப்ரே அடிச்சா போயிடும்." எக்ஸ்ரேல எலும்பு முறிவு இல்லை. சித்தப்பாவோ, "கணக்குப் பரீட்சை வந்தா மட்டும் கரெக்டா வலிக்குது பாரு"ன்னுட்டார். "சத்தியமா நகர்ந்துச்சுண்ணா, நான் பார்த்தேன்"னு என்கிட்ட ஒரே அழுகை. (நம்ம பொழப்புல இதுக்குப் பேரு 'என் மெஷின்ல ஒழுங்காத்தானே ஓடுது'. டெஸ்டருங்க பாவம்.)

மேட்டர் இதுதான். தொடை எலும்போட கீழ்முனையில ஒரு பள்ளம் இருக்கு. முட்டியை மடக்கி நீட்டும்போது சில்லு அதுலதான் மேலயும் கீழயும் ஓடும். உள்பக்கமா ஒரு லிகமெண்ட் அதை வெளியே ஓடாம இழுத்துப் பிடிச்சிருக்கும். சிலருக்குப் பள்ளம் ஆழம் கம்மி, சிலருக்குச் சில்லு கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். இவங்களுக்குத்தான் சுலபமா விலகும், அதுவும் பெரும்பாலும் பத்துலேர்ந்து இருபது வயசுக்குள்ள. ஒருதடவை விலகினாலே அந்த லிகமெண்ட் அனேகமா கிழிஞ்சுடும். அப்புறம் மறுபடி விலகறதுக்குக் கேட்கவா வேணும்? வளர்ச்சி முடியாத பசங்களுக்கு அந்த ஆபத்து இன்னும் ஜாஸ்தி.

இவளுக்கு ரெண்டாவது தடவை மாடிப்படியில. சித்தி கண்ணு முன்னாடி. அப்புறம்தான் எலும்பு டாக்டர்.

அவர் காலை லேசா மடக்கி, சில்லை மெதுவா வெளிப்பக்கமா தள்ளினார். அவ்வளவுதான், இவ தொடையை இறுக்கிக்கிட்டு அவர் கையைக் கெட்டியா பிடிச்சுட்டா. "வலிக்குதா?" "இல்ல டாக்டர், போயிடும்போல இருக்கு." அந்தப் பயமே ஒரு அறிகுறியாம்! புத்தகத்துலயே இருக்காம். நடிப்புன்னு சொன்ன சித்தப்பா மூஞ்சியைப் பார்க்கணுமே.

எம்.ஆர்.ஐ.ல லிகமெண்ட் கிழிசல் தெரிஞ்சுது. நல்லவேளை, குருத்தெலும்பு எதுவும் பேர்ந்து வரலை. இப்போதைக்குப் பிசியோதெரபி, தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் பலப்படுத்தணும். அப்புறமும் விலகினா ஆபரேஷன். வளர்ற பொண்ணுங்கறதால எலும்பு வளர்ற இடத்துல கைபடாம பண்ணணும், அதுக்குத் தனி முறை இருக்காம்.

சில்லு உள்ளே வராம நின்னுட்டா பக்கத்துல இருக்கற யாரும் அமுக்கி, இழுத்து வித்தை காட்டக்கூடாது. எந்த நிலையில இருக்கோ அப்படியே அசையாம ஆஸ்பத்திரிக்கு.

தினம் சாயங்காலம் டிவி முன்னாடி காலைத் தூக்கி இறக்கறா. சித்தப்பாதான் எண்ணறார். நடுவுல ரெண்டு எண்ணிக்கையைச் சேர்த்துச் சொல்லிடறார்னு சித்தி புகார்.