ஏட்டில் ஏறும் சாட்சியம்

கடலூர் மஞ்சக்குப்பத்து நீதிமன்றங்களுக்குக் குறுக்கு விசாரணை பார்க்க வரும் இளம் வழக்கறிஞர்கள், கேள்வி கேட்பவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அவர்களைத் தட்டச்சர் பக்கம் பார்க்கச் சொல்வேன். சாட்சி கூண்டில் நின்று சொல்வது ஒன்று. நீதிபதி அதைத் தொகுத்துச் சொல்லச் சொல்லத் தாளில் ஏறுவது இன்னொன்று. மேல்முறையீட்டுக்குப் போவது அந்தத் தாள்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எங்கள் மாவட்டத்து வழக்கே போதும். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் பொன். நாவரசு கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் மூத்த மாணவர் ஜான் டேவிட். கொலையைக் கண்ணால் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை. தலையும் கை கால்களும் இல்லாத உடல் சென்னை மாநகரப் பேருந்தில் கிடைத்தது, கை கால் எலும்புகள் மரக்காணம் பக்கத்துக் கடற்கரையில் கிடைத்தன. சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டுமே வைத்துக் கடலூர் அமர்வு நீதிமன்றம் 1998 மார்ச்சில் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து தண்டனையை மீட்டது.

விடுதலை செய்த நீதிபதிகளும் சரி, தண்டனையை மீட்டவர்களும் சரி, ஒரு சாட்சியின் குரலையும் கேட்டதில்லை. கடலூரில் பதிவான தாள்களைத்தான் படித்தார்கள். நாவரசுவைக் கடைசியாக யாரோடு பார்த்தார்கள், தலை எப்படி மீட்கப்பட்டது, எலும்புகள் அவருடையவைதாமா என்று சாட்சியச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சாட்சி. 1984ஆம் ஆண்டு சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன இலக்கணப்படி, குற்றவாளி இவரே என்பதைத் தவிர வேறு முடிவுக்கு இடமில்லாதபடி அத்தனை கண்ணிகளும் சேர்ந்து நிற்க வேண்டும். இப்படிப்பட்ட வழக்கில் அரசுத் தரப்பு ஒரு கண்ணிக்குரிய கேள்வியை விட்டுவிட்டாலும், எதிர்த்தரப்பு தேவையில்லாத கேள்வியால் ஒரு கண்ணியை இறுக்கிக் கொடுத்தாலும், பல ஆண்டு கழித்து டெல்லியில் அது பேசும். நாவரசு வழக்கின் மூன்று தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காத ஒரு ஜூனியரை நான் அமர்வு வழக்குக்கு அனுப்புவதில்லை.

நம் நீதிமன்றங்களில் சாட்சியம் பெரும்பாலும் கேள்வி பதிலாகப் பதிவாவதில்லை. சாட்சியே தொடர்ந்து சொல்வதுபோல எழுதப்படும். "அன்னிக்குத் தெருவிளக்கு எரியலதானேம்மா?" என்று கேட்டு, அந்த அம்மா "ஆமாங்க, எரியல" என்றால், ஏட்டில் "சம்பவத்தன்று தெருவிளக்கு எரியவில்லை என்றால் சரிதான்" என்று வரும். மறுத்தால் "சரியல்ல". இந்த வாய்பாட்டை மனதில் வைத்துத்தான் கேள்வியை அமைக்க வேண்டும். "இருட்டாக இருந்தது, நீங்கள் தள்ளி நின்றீர்கள், அதனால் அடித்தது யாரென்று தெரியவில்லை, சரியா?" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால், சாட்சி "இல்லீங்க" என்பார். மூன்றுமே "சரியல்ல" என்று ஏறிவிடும். இருட்டைத் தனியாகக் கேட்க வேண்டும், தூரத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். அடையாளம் தெரிந்திருக்காது என்ற முடிவைச் சாட்சியிடம் கேட்கவே கூடாது. அது வாதுரையில் நாம் சொல்ல வேண்டியது.

சாட்சியின் சொந்தச் சொல்லைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பில் வேலை செய்யும் பெரியவர் "கூப்பிடு தூரம்" என்பார். அது மீட்டராக மாறி ஏறப் பார்க்கும். உடனே எழுந்து, "ஐயா, சாட்சி சொன்ன வார்த்தையையே பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்" என்று பணிவாகச் சொல்ல வேண்டும். முக்கியமான இடத்தைக் கேள்வி பதிலாகவே பதியும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. சாட்சி பதில் சொல்லாமல் வெகுநேரம் நின்றால், அந்த நடத்தையைக் குறிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. கேட்டால் பெரும்பாலான நீதிபதிகள் மறுப்பதில்லை. கேட்பவர்கள்தான் குறைவு.

அடுத்தது முரண்பாடு. ஜூனியர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். காவல்துறை விசாரணையில் சொல்லாத ஒன்றைச் சாட்சி கூண்டில் புதிதாகச் சொல்கிறார். "இதைப் போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை" என்று கேட்கிறோம். அவர் மறுக்கிறார். "சரியல்ல" என்று பதிவாகிறது. அதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்தால், முரண்பாடு நிரூபிக்கப்படாமலே கிடக்கும். புலன் விசாரணை அதிகாரி சாட்சி சொல்ல வரும்போது, "அரசுத் தரப்புச் சாட்சி 2 என் விசாரணையில் அவ்வாறு சொல்லவில்லை" என்பதை அவர் வாயிலிருந்து வாங்க வேண்டும். முந்தைய வாக்குமூலத்துக்கு நேர்மாறாகச் சொன்னால், அந்தப் பகுதியைச் சாட்சிக்குக் காட்டிக் கேட்டுவிட்டு, பிறகு அதிகாரி மூலம் குறியிட வேண்டும். இந்த முறையைச் சொல்லும் சாட்சியச் சட்டத்தின் 145ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியத்தில் 148 ஆகியிருக்கிறது. எண்தான் மாறியது, முறை மாறவில்லை. அதிகாரி வழக்கமாகக் கடைசியில்தான் வருவார், நடுவில் மாதங்கள் ஓடிவிடும். அதற்காகவே சாட்சிக்கு ஒரு தாள் வைத்து, அதிகாரியிடம் கேட்க வேண்டியதை அன்றன்றே குறித்துவைப்பேன். அவரிடம் கேட்காமல் விட்டுவிட்டால், அவரைத் திரும்ப அழைக்க மனுப் போட்டு மன்றாட வேண்டியதுதான்.

கேள்விகளை எழுதும் முன் வாதுரையை எழுதிவிட வேண்டும் என்பது என் சீனியர் கற்றுக்கொடுத்தது. கடைசி நாளில் நீதிபதி முன் நான் சொல்லப்போகும் வாக்கியம் எது? அதற்கு எந்தச் சாட்சியின் எந்த வரி வேண்டும்? அந்த வரியைப் பெற்றுத்தராத கேள்வி எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்துவிடுவேன். சிதம்பரத்தில் காசோலை வழக்கு, அடிதடி வழக்கு என்று சின்ன வழக்குகளில் தொடங்குபவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

சாட்சியம் முடிந்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்த நேரத்தில் பலர் வழக்குக் கட்டைக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள். நான் நின்று முழுக்கக் கேட்பேன். "சரிதான்" என்று வர வேண்டிய இடத்தில் "சரியல்ல" என்று ஏறியிருந்தால், திருத்தச் சொல்ல அப்போதுதான் நேரம்.